அந்த ஒரு ஃபைல் மட்டும்

மே 18, ஞாயிறு

இன்றைக்கு எழுதாமல் படுக்க முடியாது. அவ்வளவு செம நாள்.

காலையில் கேமில் ஆனந்தவல்லி பஸ்ஸின் சீட் கலரை மாற்றப் போய்க் கெடுத்து வைத்தேன். ரோஸ்மில்க் கொட்டினது போல ஆகிவிட்டது. அதே நேரம் ஈரோடு ரோட்டில் நான் போட்ட வேகத்தடையும், படிக்கட்டுக் கம்பியும் அட்டகாசமாக வந்திருந்தன. முன்பெல்லாம் இப்படி ஆனால் மொத்த ப்ராஜெக்டையும் நேற்றைய நிலைக்கு இழுத்துக்கொண்டு போவேன். கெட்டதோடு நல்லதும் போய்விடும். உட்கார்ந்து அழுவேன். இன்றைக்கு ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கிட்டிடம் ஒரே ஒரு ஃபைலின் பெயரைச் சொல்லி, இதை மட்டும் பழையபடி ஆக்கு என்று கேட்கலாமாம். ஒரு வரிதான். சீட் மறுபடி நீலம். வேகத்தடை போட்ட இடத்திலேயே இருக்கிறது. எழுந்து ஆடினேன். ஆடியது போதும், கிரைண்டரில் மாவைத் தள்ளிவிடு என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்.

பிற்காலத்தில் நானே படித்து முழிக்கக் கூடாது என்பதற்காக: கிட் என்பது ப்ராஜெக்டில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். நாங்கள் டபுள் விசில் டீம், மொத்தம் மூன்று பேர். வெளிநாட்டுக்காரன் செய்த பஸ் ஓட்டும் கேமுக்குள் நம்ம ஊர் தனியார் பஸ்களை ஏற்றுகிறோம். அப்படி ஏற்றுவதற்கு மோட் என்று பெயர். ஆம்பூர் ஆசிப் படம் போடுவான். ராசிபுரம் தரணி அண்ணா லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பஸ்ஸில் ஏறி அளவெடுப்பது, போட்டோ எடுப்பது, சத்தம் பதிவு செய்வது எல்லாம் அவர். திருச்செங்கோட்டில் வீட்டுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோப்பவள் நான். பஸ் ஸ்டாண்டில் நின்று ஹார்ன் பதிவு பண்ணப் போகிறேன் என்றால் அம்மா காலை உடைப்பாள். நாங்கள் மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

மே 20, செவ்வாய்

ஹார்ன் வந்துவிட்டது. ஹார்ன் வந்துவிட்டது.

ஆனந்தவல்லி தினமும் காலையில் எங்கள் தெரு முனையில் திரும்பும். ஸ்கூல் படிக்கும்போதிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் எழுகிறேன். நீளமாக ஒன்று, ஒட்டிக்கொண்டே சின்னதாக இரண்டு. வேறு எந்த டிரைவரும் அப்படி அடிப்பதில்லை. அந்த டிரைவர்தான் தன்னுடைய அப்பா என்று தரணி அண்ணா இன்றைக்குத்தான் சொல்கிறார். இத்தனை மாதமாகச் சொல்லாமல் என்ன செய்தார் என்று கேட்டேன். சொன்னால் பஸ்ஸை விட்டுவிட்டு அப்பாவுக்கு ரசிகை ஆகிவிடுவாய் என்றார். பெயர் அர்த்தநாரி. ஷெட்டில் வண்டி நின்றபோது மகனுக்காக அடித்துக் காட்டியிருக்கிறார்.

ரெக்கார்டிங் பெரிது. ஹெட்போனில் கேட்டால் புல்லரிக்கிறது. ஒரே தொல்லை, ஒவ்வொரு ஹார்னுக்கும் நடுவில் அவர் பேசுகிறார். போதுமா, இன்னொருக்கா அடிக்கட்டுமா என்கிறார். காலையில் தின்னியா என்கிறார். டயர் பக்கம் நிற்காதே, இந்தப் பக்கம் வா என்கிறார். எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்.

மே 21, புதன்

வெட்டி முடித்தேன். பேச்சு ஒரு துளி இல்லை, ஷெட்டின் காக்காய்ச் சத்தம்கூட இல்லை. சேவ் பண்ணி, கேமுக்கு வேண்டிய சின்ன ஃபைலாக மாற்றி ஏற்றிவிட்டேன். தரணி அண்ணா கேட்டுவிட்டு, கண்ணாடி கழுவி வெச்ச மாதிரி இருக்குது சம்யு என்று வாய்ஸ் அனுப்பினார். அதையே மறுபடி மறுபடி கேட்டேன்.

மூல ரெக்கார்டிங்குகள் இருக்கிற ஃபோல்டரை இன்டர்நெட்டில் ஏற்றப் போனால் சைஸ் பெரிது என்று தளம் திருப்பி அனுப்புகிறது. இந்த ஃபோல்டரைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டுக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. கூகுள் டிரைவிலும் இடமில்லை, தரணி அண்ணா அங்கே போட்டிருந்ததைக் காலி செய்தேன். அவருடைய போனிலும் இடமில்லாமல் அப்போதே அழித்துவிட்டாராம். பரவாயில்லை, நம்மிடம் கிட் இருக்கிறது.

மே 29, வியாழன்

காலேஜில் காஸ்டிங் பரீட்சை ஊற்றிக்கொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனந்தவல்லி கேமுக்குள் ஓடுகிறது.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஆனந்தவல்லியின் ஹார்ன் வேறு மாதிரி கேட்டது. குட்டையாக ஒரே ஒரு தடவை. ஏர் டேங்கில் காற்று கம்மியாக இருக்கும், கேமிலும் அப்படி ஒரு பழுது வைக்கலாம் என்று குரூப்பில் ஐடியா போட்டேன். ஆசிப் சிரித்து வைத்தான்.

மத்தியானம் தரணி அண்ணா குரூப்பில் எழுதினார். அப்பா தவறிட்டாரு. நேத்து சாயந்திரம். வீட்ல வெச்சு, ஹார்ட் அட்டாக்.

என் ஐடியா அதற்கு நேர் மேலே இருந்தது. அழிக்கலாமா என்று யோசித்தேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

ஜூன் 9, திங்கள்

தரணி அண்ணா போன் செய்தார். இத்தனை நாளில் வாய்ஸ் மெசேஜ்தான் வரும், போன் இதுதான் முதல் தடவை. நான் எழுந்து நின்றுகொண்டு பேசினேன், ஏன் என்று தெரியவில்லை.

அவருடைய அம்மா தூங்குவதே இல்லையாம். அப்பாவிடம் பட்டன் போன்தான், வாட்ஸப் கிடையாது. சொந்தக்காரர் கல்யாணத்தன்றும் வண்டி ஓட்டப் போய்விடுவாராம், வீடியோக்களில்கூட இருக்க மாட்டாராம். வீட்டில் அவர் குரல் எதிலுமே இல்லை.

"நீ வெட்டறதுக்கு முந்தி அந்த ரெக்கார்டிங்ல அப்பா பேசுவாரில்ல சம்யு. அது கெடைக்குமா? நீதான் எந்த ஃபைல வேணாலும் பழசாக்கலாம்னு சொல்லிட்டிருந்தியே."

ஒரு நிமிஷ வேலைண்ணா என்றேன். எடுத்துத் தருகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த தன் அம்மாவிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது. கெடைக்குமாம்மா, அந்தப் புள்ள எடுத்துத் தருதாம்.

ஜூன் 10, செவ்வாய்

தேடினேன். நாளைக்கு மறுபடி பார்க்கிறேன்.

ஜூன் 11, புதன்

சீட் கலரைத் திரும்ப எடுத்த அதே வரியைத்தான் அடித்தேன். ஃபைல் பெயரை மட்டும் மாற்றினேன். அப்படி ஒரு ஃபைலைத் தனக்குத் தெரியாது என்கிறது கிட். எழுத்துப் பிழையோ என்று திரும்ப அடித்தேன். தெரியாது என்கிறது. கண்டுகொள்ளாதே என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். சொன்னபடி கண்டுகொள்ளவில்லை. அந்த ஃபோல்டரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் வெட்டியது அந்த ஃபோல்டரில் இருந்த மூல ஃபைலையேதான். வேறு பெயரில் சேவ் பண்ணியிருக்கலாம். அதன் மேலேயே பண்ணினேன்.

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க மறந்தேன், மழையில் நனைந்துவிட்டது. அம்மா திட்டியது நன்றாக இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

தரணி அண்ணா கேட்டார். லேப்டாப் சர்வீஸில் இருக்கிறது என்று சொன்னேன். லேப்டாப் மடியில்தான் இருந்தது.

அழிந்த ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டேன். காலையிலிருந்து ஓடியது. எட்டாம் வகுப்பில் எடுத்த சயின்ஸ் எக்ஸிபிஷன் போட்டோ வந்தது. என் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசா போனபோது அனுப்பிய லாரி போட்டோ வந்தது. ஹார்ன் என்று பெயர் போட்டு ஒன்று வந்தது. திறந்தால் வெறும் இரைச்சல்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாச் சொந்தமும் வரும், அன்றைக்கு எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று தன் அம்மா சொல்கிறது என்று அண்ணா எழுதியிருக்கிறார். காரியம் 20-ஆம் தேதி.

ஜூன் 14, சனி

ஆனந்தவல்லியில் பதிவு செய்த மற்ற சத்தங்கள் எல்லாம் வெட்டாமல் அந்த ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. எஞ்சின், கதவு, வைப்பர். ராசிபுரத்திலிருந்து ஈரோடு வரைக்கும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து எடுத்த ஒரு முழு ட்ரிப். அதில் எங்கேயாவது தரணி அண்ணாவின் அப்பா ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்று காலையில் ஆரம்பித்தேன்.

கண்டக்டர் பேசுகிறார். ஒரு குழந்தை அழுகிறது. யாரோ கோழி கொண்டுவந்து சண்டை. வையப்பமலையில் நிற்குமா என்று ஒரு பெண் இரண்டு தடவை டிரைவரிடம் கேட்கிறாள், அவர் பதில் சொல்லவில்லை, தலையாட்டியிருப்பார். கியர் மாறுகிற சத்தம் மட்டும் அவருடையது. நோகாமல், கரகரக்காமல் போடுகிறார். எங்கள் தெரு முனை வந்தது, ஹார்ன் அடித்தார். அந்த நேரத்தில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஈரோடு வந்துவிட்டது. ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆசிப்பிடம் மட்டும் சொன்னேன். ஏஐ வைத்துக் குரலைச் செய்துவிடலாம், இப்போது எல்லோரும் செய்கிறார்கள், ஒரு சாம்பிள் இருந்தால் போதும் என்றான். அந்தச் சாம்பிள்தான்டா இல்லை என்றேன். வேறு யாராவது அந்த வயசு ஆள் பேசினதை வைத்து என்று ஆரம்பித்தான். பாதியிலேயே நிறுத்திவிட்டான். சாரி என்றான்.

நான் சாப்பிடவில்லை என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பையனா என்றாள். பஸ் என்றேன். பஸ்ஸுக்கா சோறு இறங்காமல் இருக்கிறாய் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு முழுசாகச் சொன்னேன். கிட், ஃபோல்டர் எதுவும் அவளுக்குப் புரியாது. ஆனால் சரியான இடத்தில் நிறுத்தி ஒன்று கேட்டாள்.

"அந்தப் பையங்கிட்ட இன்னும் சொல்லல, அப்படித்தானே?"

ஜூன் 16, திங்கள்

சொன்னேன். டைப் அடித்து அடித்து அழித்துவிட்டு, கடைசியில் போன் செய்துவிட்டேன். பட்டறைச் சத்தம் கேட்டது. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார் போல. நான் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் தூரமாகப் போனது, வெளியே நடந்து வந்திருக்கிறார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். லேப்டாப் சர்வீஸ் என்று சொன்னது பொய்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீ அனுப்பினப்ப நானும் கேட்டேன் சம்யு. அப்பா பேச்சுப் போயிடுச்சேன்னு தோணவே இல்ல. கண்ணாடியாட்ட இருக்குதுன்னு சொன்னேன்."

லேப்டாப்பை மூடினேன்.

"அம்மாட்ட நீயே வந்து சொல்லிரு. எனக்கு வாய் வராது."

ஜூன் 17, செவ்வாய்

நாளைக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறாள். சாவு வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டா போவார்கள் என்று பழமும் பிஸ்கட்டும் வாங்கி வைத்துவிட்டாள். என் கையில்தான் ஒன்றுமே இல்லை.

அப்படி நினைத்தபோதுதான் தோன்றியது. மூல ஃபைலைத்தான் கிட் கண்டுகொள்ளவில்லை. கேமுக்காக நான் மாற்றி ஏற்றிய சின்ன ஹார்ன் ஃபைல் வேறு ஃபோல்டர். அது கிட்டுக்குத் தெரியும். அன்றைக்கு அதை ஒரே தடவையிலா ஏற்றினேன்? வெட்டி, ஏற்றி, கேட்டு, பிடிக்காமல் மறுபடி வெட்டி ஏற்றினேன். அந்தப் பழையது ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும்.

இருந்தது. அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒவ்வொரு படியாகப் பின்னால் கொண்டுபோய்க் கேட்டேன். எல்லாம் சுத்தம். நான் எவ்வளவு நல்ல வேலைக்காரி. ஆகக் கடைசியில், முதன்முதலாக ஏற்றியது. அதில் மட்டும் கத்தரி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது. ஹார்ன் முடிந்து, அந்த எதிரொலி அடங்குகிற இடத்தில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் இல்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட வராது.

போனில் ஏற்றிக்கொண்டேன். எடுத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். இது என்ன, இருமலா என்றாள்.

ஜூன் 18, புதன்

ஆனந்தவல்லியில் போனோம். இத்தனை வருஷத்தில் நான் அதில் ஏறியதே இல்லை. சீட் நிஜமாகவே நீலம். நாங்கள் கேமில் வைத்த நீலத்தைவிட வெளுப்பு. புது டிரைவர் சின்ன வயசு, எங்கள் தெரு முனையில் ஹார்னே அடிக்கவில்லை.

தரணி அண்ணா ஸ்டாப்பில் நின்றிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். மொட்டை அடித்திருந்தார். வாங்கக்கா என்று என் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, வா என்றார்.

அவருடைய அம்மா பெயர் பூங்கொடி. பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் இரண்டு பேரும் அழுதார்கள், முன்பின் தெரியாதவர்கள். அழுது முடித்துவிட்டு அவர் என்னிடம் காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணு, கொண்டாந்தியா என்றார்.

பஸ்ஸில் வரும்போது பாடம் மாதிரி ஒப்பித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பேசியதை நான் தேவையில்லை என்று வெட்டிவிட்டேன் என்றேன். திரும்ப எடுக்க முடியும் என்று சொன்னது தப்பு என்றேன். அவர் தரணி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

இது ஒன்றுதான் இருக்கிறது என்று போனை நீட்டினேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஹார்ன் அடித்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. வெளியே விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை தெருவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்தச் சத்தம்.

பூங்கொடி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செருமறாரு. இனிப் பேசுவாரு." போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். "மேல போடு கண்ணு."

"அவ்வளவுதானுங்கம்மா."

"பேசறதுக்கு முந்தி அப்படித்தான் செருமுவாரு. மேல போடு."

தரணி அண்ணா வந்து, அவர் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி, இதுக்கு மேல இல்லம்மா என்றார். அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு கையை நீட்டி, திரும்பப் போடச் சொன்னார். போட்டோம். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தார்.

கிளம்பும்போது ஸ்டாப்பில் அண்ணாவிடம், கேமில் எந்த ஹார்னை வைப்பது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இதையே வெச்சுரு என்றார்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்குக் காரியம். அங்கே போட்டுக் காட்டினார்களா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

தரணி அண்ணா குரூப்பிலிருந்து விலகிவிட்டார். ஒன்றும் எழுதவில்லை. தனியாக எனக்கு மட்டும், பட்டறையில் வேலை ஜாஸ்தி, கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருந்தார். கோபமா என்று நான் கேட்கவே இல்லை.

மூல ரெக்கார்டிங் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, அம்மாவின் பீரோவில் வைத்தேன். இனிமேல் எதையும் அதன் மேலேயே சேவ் பண்ண மாட்டேன். ஆனால் இனிமேல் யாருக்காக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மோட் வெளியாகி ஒரு வாரம். ஆசிப் துள்ளிக்கொண்டிருக்கிறான், அவ்வளவு பேர் இறக்கியிருக்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

தர்மபுரியிலிருந்து ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன், பெயர் முகிலன், எங்கள் மோட்டில் தானாகவே நிறையத் திருத்தி அனுப்பியிருந்தான். மழையில் கண்ணாடி மங்காமல் இருந்தது, பாலத்தில் சக்கரம் புதைவது எல்லாம் சரி செய்திருக்கிறான். நான் மாதக்கணக்கில் முட்டிக்கொண்ட பிழைகள். கடைசியாக, ஹார்ன் முடியும்போது ஏதோ கொர்ரென்று சத்தம் வருகிறது, அதையும் வெட்டிச் சுத்தம் பண்ணிவிட்டேன் அக்கா என்று எழுதியிருந்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். ஹார்ன் ஃபைலை மட்டும் அவன் தொடுவதற்கு முன்னால் இருந்த நிலைக்குக் கொண்டுபோனேன். ஒரு வரிதான். கண்ணாடி மங்குகிறது, பாலம் தாங்குகிறது, எதுவும் கலையவில்லை. சரியாக வந்ததா என்று ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். வந்திருந்தது.

மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இதை வெட்டக் கூடாது என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் முகிலன் மெசேஜ் போட்டான். "ஏன்க்கா? யாரோ செருமற மாதிரி இருக்குது, யாரு அது?"

டிரைவர் என்று பதில் போட்டேன்.

"ஓ, டிரைவருக்கும் சவுண்ட் வெச்சிருக்கீங்களா. செம ரியல்க்கா. அடுத்த அப்டேட்ல பேசவும் வைங்க."

பார்க்கலாம் என்று டைப் செய்தேன். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன்.